ஒரு குடம் தண்ணிக்கு எவ்வளவு கரண்ட்?

(ஓசூரில் குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் சிறுதொழில் நடத்துவோரும் கலந்துகொண்ட குடிநீர் சிக்கன விழிப்புணர்வுக் கூட்டத்தில், நமது துறையின் இளம் எழுத்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறியாளர் இல்லை. இதழியல் படித்தவள். அரசுத் திட்டங்களை மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதுதான் என் வேலை. முன்வரிசையில் குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்கள் உட்கார்ந்திருக்காங்க. கணக்கில் தப்பு இருந்தா கையைத் தூக்கிடுங்க சார், நான் கோவிச்சுக்க மாட்டேன்.

இங்கே இருக்கிற எத்தனை பேர் வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணி வருது? பாதிக்கு மேல கை தூக்கியிருக்கீங்க. சரி, இன்னொரு கேள்வி. நீங்க இன்னிக்குக் காலையில பிடிச்ச ஒரு குடம் தண்ணி உங்க தெருக்குழாய்க்கு வந்து சேர எவ்வளவு கரண்ட் செலவாகியிருக்கும்? இப்போ ஒரு கையும் தூக்கலை. பரவாயில்லை, இந்தக் கூட்டத்துக்காகத் தயாராகும் வரைக்கும் எனக்கும் தெரியாது.

கணக்கு சுலபம்தான், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் போதும். ஒகேனக்கல்லில் காவிரி ஓடுகிற இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் இருக்கு. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 790 அடி, அதாவது 240 மீட்டர் சொச்சம். அணை நிரம்பும்போது அந்தத் தண்ணி ஒகேனக்கல் பக்கம் வரைக்கும் தேங்கி நிற்கும். அதை வைத்தே ஒகேனக்கல் எவ்வளவு தாழ்வான இடம் என்று புரிஞ்சுக்கலாம். நம்ம ஓசூர் எவ்வளவு உயரம்? ஏறத்தாழ 880 மீட்டர். இடையில் 600 மீட்டருக்கும் மேல வித்தியாசம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 200 மாடி. அந்த 200 மாடிக்குத்தான் தினமும் தண்ணியைத் தூக்கி வைக்கிறோம்.

ஆயிரம் லிட்டர் தண்ணியை 100 மீட்டர் உயர்த்த, இயற்பியல் விதிப்படி 0.27 யூனிட் வேண்டும். 600 மீட்டருக்கு 1.6 யூனிட். இது எந்த இழப்பும் இல்லாத கற்பனைப் பம்புக்கு. நிஜப் பம்பும் மோட்டாரும் சேர்ந்து, நல்லா பராமரிச்சா, கொடுக்கிற கரண்டில் 70 சதவீதத்தைத் தண்ணிக்குக் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போ 2.3 யூனிட். இதுக்கு மேல, நீண்ட தூரம் குழாயில் உரசிக்கொண்டு வருவதற்கு ஒரு தனிச் செலவு இருக்கு. அதை நான் சேர்க்கலை. ஆக, குறைந்தபட்சக் கணக்கே ஆயிரம் லிட்டருக்கு 2.3 யூனிட்.

இப்போ குடத்துக்கு வருவோம். குடம் 15 லிட்டர். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை கிட்டத்தட்ட நாலு மணி நேரம் எரிய விட்டால் எவ்வளவு கரண்ட் ஆகுமோ, அவ்வளவு அந்த ஒரு குடத்துக்குள்ள இருக்கு. யாரும் இல்லாத ரூமில் லைட் எரிஞ்சா நாம திட்டுவோம். குடம் நிரம்பி வழிஞ்சா "தண்ணிதானே" என்போம்.

இன்னொரு ஒப்பீடு. சென்னைக்காக நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குறாங்க. அது ரொம்பச் செலவு பிடிக்கிற வேலை என்று எல்லோரும் சொல்லுவாங்க, உண்மைதான். இன்றைய தொழில்நுட்பத்தில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு பொதுவாக 3 முதல் 4 யூனிட் ஆகும். நம்ம ஓசூர்க் குழாய்த் தண்ணி அந்தக் கணக்குக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. கடலே இல்லாத ஊரில், கடல்நீரைச் சுத்திகரிக்கிற விலைக்குப் பக்கத்தில் வருகிற தண்ணியைக் குடிச்சிட்டிருக்கோம். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஓசூரைவிட வெகுவாகத் தாழ்ந்த ஊர்கள், அதனால் அங்கே இந்தச் செலவு பாதிக்குக் கிட்டத்தட்ட இறங்கிடும். இந்தத் திட்டத்தில் கரண்ட் அதிகம் குடிக்கிற தண்ணி ஓசூர் பக்கத்துத் தண்ணிதான்.

அப்படின்னா ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவரணும், போர் போட்டு எடுத்துக்கலாமே என்று நீங்க கேட்கலாம். அதுக்கு என் தோழியைப் பற்றிச் சொல்லணும்.

கல்லூரியில் என்னோட படிச்சவள். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். ரொம்ப நல்லா பேசுவாள், ஆனா சிரிக்கும்போது கையால வாயை மூடிக்குவாள். வெட்கம்னுதான் முதல் ஒரு வருஷம் நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் ஹாஸ்டலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தப்போ பார்த்தேன். பல்லில் பழுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகக் கறை. "எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான். அம்மாவுக்கு முட்டி மடக்க முடியாது" என்றாள். செய்தி வாசிப்பாளர் ஆகணும்னு வந்தவள், கேமரா முன்னாடி நிற்கவே மாட்டேன்னுட்டாள். இப்போ டெஸ்க் வேலை பார்க்கிறாள்.

அதுதான் ஃபுளூரோசிஸ். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறையில் ஃபுளூரைடு இருக்கு, அது நிலத்தடி நீரில் கரைந்து வருது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டின தண்ணியைச் சின்னக் குழந்தை தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள்ள வளர்ந்துகொண்டிருக்கிற பல்லிலேயே கறை ஏறிடும். பல் முளைச்ச பிறகு எந்தப் பேஸ்ட்டும் அதைப் போக்காது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். கொதிக்க வைத்தாலும் ஃபுளூரைடு போகாது. தண்ணி ஆவியாகி, மிச்சத்தில் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் ஆகும். இதை எங்க துறை மூலமாகப் பல தடவை எழுதியிருக்கோம், இன்னும் பலருக்குத் தெரியலை என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

இதுக்காகத்தான் இந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று சேர்த்திருக்காங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம். குடிநீருக்காக ஒகேனக்கல்லில் தண்ணி எடுத்துக்கொள்வது குறித்து 1998-லேயே உடன்பாடு வந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல். அந்த ஆண்டு எல்லையில் எவ்வளவு பதற்றம் இருந்தது என்று இங்கே இருக்கிற பெரியவங்களுக்கு நினைவிருக்கும், அதைத் திரும்பக் கிளற வேண்டாம். ஜப்பான் பன்னாட்டு கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடி மதிப்பீட்டில் வேலை நடந்து, 2013 மே மாதம் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல்லில் எடுத்து, யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, பென்னாகரம் பக்கம் மடத்தில் இருக்கிற பெரிய நீர்த்தேக்கத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டு மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்புறாங்க. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமக் குடியிருப்புகள் இதில் இருக்கு. ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. திட்டம் வரைந்த காலத்து ஓசூர் வேறு, இன்றைய ஓசூர் வேறு. இரண்டாம் கட்டத் திட்டம் பற்றி அரசு அறிவித்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஆனா குழாய் பெரிசானா மட்டும் போதுமா என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

கசிவுக்கு வருகிறேன். குழாயில் 5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்க. சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது. 20 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து வருகிற அழுத்தத்தில் அந்த ஓட்டை வழியா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர் போகும். 6,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்றுக்கும் மேல. நம்ம 2.3 யூனிட் கணக்கில் பார்த்தால், தினமும் 46 யூனிட் மண்ணுக்குள்ள போகுது. ஒரு வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு அரசு தருகிற 100 யூனிட் இலவச மின்சாரம், அந்த ஓட்டைக்கு இரண்டேகால் நாளுக்குக்கூட வராது.

ஊர் அளவில் ஒரு உதாரணம் சொல்றேன், இது உதாரணம்தான், எந்த ஊரின் புள்ளிவிவரமும் இல்லை. இந்த உயரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் ஏற்றினால் 23,000 யூனிட். அதில் ஐந்தில் ஒரு பங்கு வழியில் ஒழுகிப் போனால் 4,600 யூனிட். கசிவை அடைத்தால் அந்த 4,600 யூனிட்டும் மிச்சம், அதுக்குப் புதுசா சோலார் பேனல் போட வேண்டாம், புதுக் குழாய் பதிக்க வேண்டாம். பொறியாளர்களிடம் பேசினப்போ ஒருத்தர் சொன்னது மனசில் நிற்குது: கீழே ஆற்றோரம் கசிஞ்சா தண்ணி மட்டும்தான் நஷ்டம், மேலே வந்த பிறகு கசிஞ்சா கரண்டும் சேர்ந்து நஷ்டம். அதனால கசிவு தேடுகிற வேலையை மேட்டிலிருந்து ஆரம்பிக்கணும். எனக்கு இது ரொம்பச் சரியாகப் பட்டது.

ஆனா என்னைப் பொறுத்தவரை இதில் கரண்ட் நஷ்டம் இரண்டாவது விஷயம்தான். கசிந்த தண்ணியின் இடத்தை எது நிரப்புது? எங்கெல்லாம் ஆற்றுத் தண்ணி போதலையோ, அங்கெல்லாம் பற்றாக்குறைக்குப் போர் தண்ணியைத்தான் தேடிப் போறோம். அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணியும் சேர்ந்தால் ஃபுளூரைடும் சேருது. வீட்டில் குடிக்க ஒரு குடம், மற்றதுக்கு போர் என்று பிரித்துப் புழங்குகிற வீட்டிலும், அந்த ஒரு குடம் வராத அன்னைக்குக் குழந்தை எதைக் குடிக்கும்? இங்கே தெருவில் ஒரு மாசம் கண்டுக்காமல் விட்ட கசிவு, குழாய்க் கடைசியில் இருக்கிற ஊரில் ஒரு பிள்ளையின் பல்லில் போய் நிற்கலாம். கண்ணுக்கு நேரா தெரியாது. ஆனா குழாய் ஒன்றுதான்.

போர் தண்ணி 'ஃப்ரீ' என்ற நினைப்பையும் கொஞ்சம் விடணும். ஓசூர் சுற்றுவட்டாரத்தில் ஆயிரம் அடி போர் இப்போ சாதாரணம். ஆயிரம் அடி ஆழத்திலிருந்து தண்ணி எடுத்தால் 300 மீட்டர் தூக்கணும். சப்மெர்சிபிள் மோட்டாரின் திறன் பல இடங்களில் 40 சதவீதத்தைத் தாண்டாது. கணக்குப் போட்டால் ஆயிரம் லிட்டருக்கு 2 யூனிட். ஒகேனக்கல்லிலிருந்து வருகிற தண்ணிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவே ஃபுளூரைடு.

மோட்டார் பேச்சு வந்துவிட்டதால் வீட்டுக் கதை ஒன்று. என் அத்தை வீடு இங்கே ஓசூரில்தான். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்ற ஒரு எச்.பி. மோட்டார். அத்தை சுவிட்சைப் போட்டுட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்துடுவாங்க. தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டு சுவரில் தண்ணி அடிச்சு, பக்கத்து வீட்டு அக்கா கத்தினாதான் எழுந்திருப்பாங்க. "பத்து நிமிஷம்தானே, கரண்ட் எவ்வளவு ஆயிடப் போகுது" என்பாங்க. உண்மைதான், பத்து நிமிஷத்துக்கு மோட்டார் இழுக்கிறது ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா வழிஞ்சு போனது 400 லிட்டர். அந்த 400 லிட்டர் ஓசூருக்கு வந்து சேர ஏற்கெனவே ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகியிருக்கு. அத்தை வீட்டு மீட்டரில் அது ஓடலை, அவ்வளவுதான். ஒகேனக்கல் மீட்டரில் ஓடியிருக்கு. சம்ப்பில் ஒரு மிதவை வால்வு, மாடித் தொட்டியில் தானாக நிற்கிற சென்சார் சுவிட்ச், எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலே கிடைக்கும். போன பொங்கலுக்கு நானே வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் அதிகம் சந்தோஷப்பட்டாங்க.

மோட்டார் வாங்கும்போது 'பெரிசா இருந்தா நல்லது' என்று வாங்காதீங்க. 30 மீட்டர் தூக்கணும்னு வடிவமைத்த மோட்டாரை 10 மீட்டர் வீட்டில் வைத்தால் அது தன் நல்ல திறனில் ஓடவே ஓடாது. வீட்டு உயரத்தைச் சொல்லி, பெட்டியில் போட்டிருக்கிற உயர அளவைப் பார்த்து வாங்குங்க. பம்புசெட்டுகளுக்கும் ஸ்டார் லேபிள் இருக்கு, ஃபிரிட்ஜுக்குப் பார்க்கிற மாதிரியே பாருங்க. இன்னொன்று, தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நடக்குது. நீங்க உறிஞ்சும்போது குழாய்க்குள்ள அழுத்தம் குறைஞ்சு, வழியில் ஓட்டை இருக்கிற இடத்தில் வெளியே நிற்கிற சாக்கடைத் தண்ணி உள்ளே வந்துடும். அதைக் குடிக்கப் போறது நீங்களும்தான்.

அடுத்து தொழிற்சாலைகள். சிப்காட் ஓசூருக்கு வந்த எழுபதுகளில் இருந்து இந்த ஊர் மோட்டார் வண்டி, லாரி, கைக்கடிகாரம் என்று செய்து கொடுக்குது. இப்போ மின்சார ஸ்கூட்டர், கைப்பேசி பாகம் வரைக்கும் மாவட்டம் வளர்ந்திருக்கு. பெரிய நிறுவனங்களில் தண்ணீர்த் தணிக்கை, மின்தணிக்கை எல்லாம் தனி ஆள் வைத்துப் பார்க்கிறாங்க, அவங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. சின்ன யூனிட் வைத்திருக்கிறவங்களுக்கு மட்டும் மூன்று விஷயம்.

முலாம் பூசுகிற பட்டறைகளில் பாகத்தை அலசுவதற்கு ஒரே தொட்டியில் குழாயைத் திறந்து விட்டிருப்பதைப் பார்த்திருக்கேன். அதையே இரண்டு மூன்று தொட்டியாகப் பிரித்து, சுத்தமான தண்ணி கடைசித் தொட்டியில் நுழைந்து முதல் தொட்டி வழியா வெளியேறுகிற மாதிரி, பாகம் போகிற திசைக்கு எதிர்த் திசையில் விட்டால், அதே சுத்தத்துக்கு மிகக் குறைந்த தண்ணி போதும். தண்ணி குறைஞ்சா சுத்திகரிக்க வேண்டிய கழிவும் குறையும். அந்தப் பம்பும் குறைவாக ஓடும்.

குளிர்விப்புக் கோபுரம் வைத்திருக்கிறவங்க, தண்ணியை எத்தனை தடவை சுற்றவிட்டு அப்புறம் வெளியேற்றுறீங்க என்று பாருங்க. உப்புச் செறிவு மூன்று மடங்கானதும் வெளியேற்றுகிறவங்க, சரியான ரசாயனக் கட்டுப்பாட்டோட ஆறு மடங்கு வரை போனால், புதுசா ஊற்றுகிற தண்ணியில் 20 சதவீதம் மிச்சமாகும்.

மூன்றாவது, பம்பை முழு வேகத்தில் ஓட்டி வால்வைத் திருகிப் பாதி மூடி வைக்கிறது. ஒரு காலில் ஆக்ஸிலேட்டரும் இன்னொரு காலில் பிரேக்கும் அழுத்துகிற மாதிரி. குளிர்நீரைச் சுற்றவிடுகிற பம்பில் வேகத்தையே 20 சதவீதம் குறைச்சா, இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாக இறங்கிடும். வேகக்கட்டுப்பாட்டுக் கருவியின் விலை அதில்தான் திரும்புது. இதை எழுதி வைத்தப்போ, ஒகேனக்கல் பம்புக்கும் இதே மாதிரி பாதியாகுமே என்று ஆசையாக ஒரு வரி எழுதியிருந்தேன். பொறியாளர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே அடிச்சுட்டார். அங்கே பெரும்பாலான வேலை உயரத்தைக் கடப்பது, வேகத்தைக் குறைச்சா தண்ணி மேலேயே ஏறாது என்றார். மலையிடம் பேரம் பேச முடியாது. அங்கே செய்யக்கூடியது பம்பை நல்ல திறனில் வைத்திருப்பது, ஏற்றின தண்ணியை வீணாக்காமல் இருப்பது, இரண்டுதான்.

இவ்வளவு நேரம் கீழே இருந்து மேலே வருகிற தண்ணியைப் பற்றிப் பேசினேன். மேலே இருந்து கீழே, ஒரு பைசா கரண்ட் இல்லாமல் நம்ம ஊருக்கு ஒரு ஆறு வருதே, அதைப் பற்றிப் பேசலையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தென்பெண்ணை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கன்னடத்தில் தட்சிண பினாகினி என்ற பெயரோடு பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, நம்ம கெலவரப்பள்ளி அணைக்கு வருது. மதகு திறந்தால் சில நாட்களில் நுரை மலை மாதிரி எழும்பி நிற்பதை நீங்க நேரிலேயே பார்த்திருப்பீங்க, வீடியோவும் எடுத்திருப்பீங்க. சோப்பு, டிடர்ஜென்ட் கலந்த கழிவுநீர் மதகில் விழுந்து கலங்கும்போது வருகிற நுரை அது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன விஷயம்.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. பெங்களூரு குடிக்கிறதும் காவிரித் தண்ணிதான். 1974-ல் முதல் கட்டம், 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் என்று, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, 500 மீட்டர் உயரம் ஏற்றித்தான் கொண்டுபோறாங்க. அதாவது அவங்களும் நம்மளை மாதிரியே. அவ்வளவு கரண்ட் செலவழிச்சு மேலே ஏற்றின தண்ணியை ஒரு தடவை துவைக்கவும் குளிக்கவும் பயன்படுத்தினதும், அதில் ஒரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியா தென்பெண்ணையில் இறங்கி, கெலவரப்பள்ளிக்கு நுரையா வருது. அந்த அணைத் தண்ணியைக் குடிக்க முடியாததால் நாம ஒகேனக்கல்லிலிருந்து அதே காவிரியை இன்னொரு தடவை 600 மீட்டர் ஏற்றிக் குடிக்கிறோம். ஒரே ஆற்றை இரண்டு மாநிலமும் தனித்தனியா மலை ஏற்றி, ஒரு தடவை தொட்டுட்டு விட்டுடுறோம்.

எல்லையில் நின்று அந்தப் பக்கத்தைக் குறை சொல்வது சுலபம். நம்ம வீட்டுக் கழிவுநீரும் ஏதோ ஒரு ஏரியைத் தேடித்தான் போகுது, அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை வரைக்கும் கீழே இருக்கிறவங்களுக்கு நாமதான் பெங்களூரு. சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி மறுபடி பயன்படுத்த முடியுமா என்றால், முடியும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிச்சு மணலி பக்கத்து ஆலைகளுக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் குழாயில் அனுப்புறாங்க. கர்நாடகத்திலும் 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு விடுறாங்க.

இப்படி ஆர்.ஓ. வரைக்கும் போய்ச் சுத்தம் பண்ண ஆயிரம் லிட்டருக்குப் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு யூனிட்டுக்குள் ஆகும். நம்ம 2.3-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. ஓசூர் உயரத்தில், ஆலைக்கு வேண்டிய தண்ணியைக் காவிரியிலிருந்து ஏற்றுவதைவிட இந்த ஊர்ச் சாக்கடையிலிருந்தே எடுப்பது கரண்டுக்கும் லாபம். சமவெளியில் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாக வராது. குளிர்விப்புக் கோபுரத்துக்கும் பெயிண்ட் ஷாப்புக்கும் குடிநீர் எதுக்கு? அந்தக் குடிநீர் கடைக்கோடிக் கிராமத்துக்குப் போகலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். சுத்திகரிப்பும் கரண்ட் தின்னும். திருப்பூரில் 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறினாங்க. ஆற்றுக்கு அது அவசியம், மறுப்பே இல்லை. ஆனா கடைசிச் சொட்டு வரைக்கும் காய்ச்சி உப்பாக்குவதற்கு ஆகிற எரிபொருள் செலவை அங்கே உள்ளவங்களிடம் கேட்டால் சொல்லுவாங்க. அதனால முதலில் அலசுகிற தண்ணியைக் குறைங்க, அப்புறம் மிச்சத்தைச் சுத்திகரிங்க. வரிசை மாறினா, கழிவைச் சுத்தம் பண்ணுகிற பில்லிலேயே ஆள் காலி.

நேரமாச்சு என்று சீட்டு வந்துடுச்சு. புகார் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தெருவில் கசிவு பார்த்தால் மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் சொல்லலாம், முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்கும் கூப்பிடலாம். கூப்பிடும்போது "எங்க தெருவில் தண்ணி ஒழுகுது" என்று மட்டும் சொன்னால் ஆள் வந்து தேடித் திரும்பிப் போயிடுவார். தெரு, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, பக்கத்தில் என்ன கடை, தண்ணி விடுகிற நேரத்தில் மட்டும் ஒழுகுதா எப்பவுமேவா, இந்த நாலும் சொல்லுங்க. ரோட்டில் எப்பவும் ஈரமாக ஒரு திட்டு, வெயில் காலத்திலும் ஒரு இடத்தில் மட்டும் பச்சைப் புல், இரண்டும் பூமிக்குள்ள கசிவு இருக்கலாம் என்பதற்கு அடையாளம். மனு எண்ணைக் குறிச்சு வைத்துக்கொண்டு, சரியாகலைன்னா அதே எண்ணைச் சொல்லித் திரும்பக் கேளுங்க. 

(உரைக்குப் பின் பார்வையாளர் ஒருவர் கேட்ட கேள்வியும் பதிலும்:)

"ஒகேனக்கல் தண்ணி வருது, ஆனாலும் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வெச்சிருக்கோம். அது தேவையா மேடம்?"

நல்ல கேள்வி அம்மா. வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பல, ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். 200 மாடி ஏறி வந்த தண்ணி, நேராக சிங்க் ஓட்டைக்குள்ள போகுது. முதலில் உங்க குழாய்த் தண்ணியைப் பரிசோதிச்சுப் பாருங்க. கரைந்த உப்பு, அதுதான் டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2019-ல் இதைத்தான் சொன்னது. காய்ச்சிக் குடிச்சாலே போதும். ஆனா உங்க தொட்டியில் போர் தண்ணி கலந்து வருதுன்னு சந்தேகம் இருந்தால், டி.டி.எஸ். மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஃபுளூரைடை அந்தப் பேனா மாதிரி மீட்டர் தனியாகக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணியைக் கொடுத்து ஃபுளூரைடு அளவைக் கேட்டு வாங்குங்க. அது அதிகம்னு வந்தால் மெஷினை வெச்சுக்கோங்க, அது வெளியே தள்ளுற தண்ணியை வாளியில் பிடிச்சு வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் ஊற்றுங்க. வீட்டில் எட்டு வயசுக்குள்ள பிள்ளைங்க இருந்தால், இந்த வாரமே பரிசோதனைக்குக் கொடுத்துடுங்க.